முதல் வால்வு ஆம்ப்: குறைந்த செலவில் எதை வாங்கலாம்?

வாசகர் ஒருவர் கேட்டிருப்பது இதுதான். கோவையில் 12-க்கு 14 அடி அறை. ஏற்கெனவே ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் இருக்கிறது, பின்னால் 87 டெசிபல், 8 ஓம் என்று போட்டிருக்கிறது. லேப்டாப்பிலிருந்து ஒரு டிஏசி (டிஜிட்டல் பாட்டை அனலாக் சிக்னலாக மாற்றும் கருவி) வழியாகப் பாட்டு வருகிறது. கேட்பது பழைய திரைப்பாடல்கள், அப்புறம் நாதஸ்வரக் கச்சேரிகள். கடன் வாங்காமல் ஒரு வால்வு ஆம்ப், அதாவது ட்ரான்சிஸ்டருக்குப் பதில் பழைய ரேடியோவில் இருந்தது போன்ற கண்ணாடி வால்வுகளால் ஓடும் ஆம்ப்ளிஃபையர், வாங்க வேண்டும். வால்வு வகைகளில் 300பி நல்லதா, கேடி88 நல்லதா, ஈஎல்34 போதுமா?

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த ஸ்பீக்கருக்கு ஈஎல்84 அல்லது ஈஎல்34 போட்ட புஷ்-புல் ஆம்ப் (ஒரு பக்கத்துக்கு இரண்டு பவர் வால்வுகள் எதிரெதிராக வேலை செய்வது) ஒன்றைப் பாருங்கள். 4 ஓம், 8 ஓம் இரண்டுக்கும் தனித்தனி முனை இருக்க வேண்டும். நம் ஊர் கரண்டுக்கு ஏற்ற பவர் ட்ரான்ஸ்பார்மர் இருக்க வேண்டும். 300பி-யை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். வால்வின் பெயரை வைத்துத் தேடத் தொடங்கினால் பணம் போகும் இடம் தப்பாகிவிடும். முதலில் பார்க்க வேண்டியது ஸ்பீக்கர், இரண்டாவது வால்வையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் அவுட்புட் ட்ரான்ஸ்பார்மர், வால்வு அதற்கப்புறம்தான்.

ஏன் என்று சொல்கிறேன், ஸ்பீக்கரிலிருந்தே தொடங்குவோம்.

87 டெசிபல் என்றால், 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் அவ்வளவு சத்தம் வரும் என்று பொருள். நீங்கள் உட்காரும் இடம் ஸ்பீக்கரிலிருந்து இரண்டரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தூரத்தில் சுமார் 8 டெசிபல் குறையும். ஸ்பீக்கர் இரண்டு என்பதாலும் சுவர்கள் சத்தத்தைத் திருப்பி அனுப்புவதாலும் நாலைந்து டெசிபல் திரும்பக் கிடைக்கும். ஆக 1 வாட்டுக்கு உங்கள் நாற்காலியில் ஏறக்குறைய 84. வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபல்தான் கூடும். 8 வாட்டில் 93, 16 வாட்டில் 96, 32 வாட்டில் 99. ராத்திரி எட்டு மணிக்கு மேல் வீட்டில் பாட்டு கேட்கும் சராசரி சத்தம் 75 அளவில் இருக்கும். பழைய திரைப்பாடலுக்கு அதற்கு மேல் ஒரு 15 டெசிபல் உச்சம் இருந்தால் போதும். கணக்குப்படி 8 வாட்டே சமாளிக்கும்.

நாதஸ்வரம்தான் கணக்கை மாற்றுகிறது, சரியாகச் சொன்னால் தவில். நாதஸ்வரத்தின் நாதம் தொடர்ந்து ஒரே பலத்தில் போய்க்கொண்டிருக்கும், ஆம்புக்கு அது பெரிய சோதனை இல்லை. தவிலில் கூடு போட்ட விரல்கள் வலந்தலையில் விழும் நொடி இருக்கிறதே, அந்த ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் சராசரியைவிடப் பல மடங்கு மின்சக்தி வேண்டும். அது இல்லாதபோது அடி மழுங்கிவிடும், தோலில் விழும் சத்தம் போய் அட்டைப்பெட்டியில் தட்டுவது போல ஆகும். கச்சேரியைக் கொஞ்சம் உயிரோடு, சராசரி 82 அளவில் கேட்க நினைத்தால் உச்சத்துக்கு 97-க்கு மேல் போக இடம் வேண்டும். அதனால்தான் 15 வாட்டை அடிப்படையாகவும் 30-ஐ நிம்மதியான அளவாகவும் சொல்கிறேன்.

ஒரு விஷயம் கவனியுங்கள். பல கம்பெனிகள் 1 வாட்டுக்குப் பதில் 2.83 வோல்ட் கொடுத்து அளந்த எண்ணைப் போடுகின்றன. 8 ஓம் ஸ்பீக்கருக்கு இரண்டும் ஒன்றே. 4 ஓம் ஸ்பீக்கராக இருந்தால் 2.83 வோல்ட் என்பது 2 வாட், எனவே போட்டிருக்கும் எண்ணிலிருந்து 3-ஐக் கழித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அந்த '8 ஓம்'. அது பெயருக்கு உள்ள எண். ஸ்ருதி ஏற இறங்க ஸ்பீக்கரின் தடை 4 ஓமுக்கு இறங்கும், 25 ஓமுக்கு ஏறும். ட்ரான்சிஸ்டர் ஆம்ப் இதைக் கண்டுகொள்ளாது. வால்வு ஆம்பின் வெளியீட்டிலேயே கொஞ்சம் தடை உண்டு என்பதால் அது கண்டுகொள்ளும். ஃபீட்பேக் (வெளியீட்டில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே கொடுத்துப் பிழையைக் குறைக்கும் முறை) இல்லாத சிங்கிள் எண்டட் ஆம்பில் (இது என்னவென்று கீழே சொல்கிறேன்) அந்தத் தடை 2.5 ஓம் என்று வைத்தால், ஸ்பீக்கர் 4 ஓமாக இருக்கும் இடத்துக்கும் 25 ஓமாக இருக்கும் இடத்துக்கும் இடையே 3 டெசிபலுக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும். காதுக்கு நன்றாகவே தெரியும் வித்தியாசம் அது. நல்ல புஷ்-புல் ஆம்பில் அளவான ஃபீட்பேக் கொடுத்து அந்தத் தடையை அரை ஓமுக்குக் கொண்டுவந்தால் வித்தியாசம் 1 டெசிபலுக்குள் அடங்கும். 'வால்வு சத்தம்' என்று பலர் மெச்சுவதில் ஒரு பங்கு இந்த ஏற்ற இறக்கம்தான். சில ஸ்பீக்கரோடு அது இனிக்கும், சிலதோடு பேஸ் உப்பிப்போய் குரல் பின்னால் போய்விடும். வாங்கும் முன் உங்கள் ஸ்பீக்கரையே கொண்டுபோய்க் கேளுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

இப்போது இரும்புக்கு, அதாவது ட்ரான்ஸ்பார்மர்களுக்கு, வருவோம். வால்வு ஆம்பின் விலையில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது, இருக்கவும் வேண்டும்.

வால்வுக்கு நூற்றுக்கணக்கான வோல்ட் வேண்டும், ஆனால் அதில் ஓடும் கரண்ட் மிகக் குறைவு. ஸ்பீக்கருக்கோ குறைந்த வோல்ட்டில் நிறையக் கரண்ட் வேண்டும். இரண்டையும் இணைத்துவைக்கும் தரகர் அவுட்புட் ட்ரான்ஸ்பார்மர். 20 ஹெர்ட்ஸ் பேஸும் 20,000 ஹெர்ட்ஸ் ஜால்ரா ஒலியும் அதே கம்பிச் சுருள் வழியாகத்தான் வந்தாக வேண்டும். பேஸுக்கு நிறைய இரும்பும் நிறையச் சுற்றும் வேண்டும். சுற்று கூடினால் மேல் ஸ்தாயி அடிபடும். இந்த இழுபறியைச் சமாளிக்கத்தான் பிரைமரியையும் (வால்வுப் பக்கச் சுருள்) செகண்டரியையும் (ஸ்பீக்கர் பக்கச் சுருள்) பல அடுக்குகளாகப் பிரித்து ஒன்றின் மேல் ஒன்றாக மாற்றி மாற்றிச் சுற்றுகிறார்கள். 1947-இல் இங்கிலாந்தில் வில்லியம்சன் என்ற பொறியாளர் தன் புகழ்பெற்ற 15 வாட் ஆம்பின் வரைபடத்தை வெளியிட்டபோது, அதில் மிகக் கறாரான நிபந்தனைகள் இந்த ட்ரான்ஸ்பார்மருக்குத்தான் இருந்தன. அன்று கடினமாக இருந்தது இன்றும் கடினம்தான்.

சிங்கிள் எண்டட் என்றால் ஒரு பக்கத்துக்கு ஒரே பவர் வால்வு. அந்த வால்வின் டிசி கரண்ட் முழுவதும் ஒரே திசையில் ட்ரான்ஸ்பார்மர் வழியாக ஓடி இரும்பைக் காந்தமாக்கிக்கொண்டே இருக்கும். அதைத் தாங்க இரும்பில் சின்ன இடைவெளி விட வேண்டும். இடைவெளி விட்டால் பேஸ் குறையும். குறையாமல் இருக்க இரும்பைப் பெரிதாக்க வேண்டும், பெரிதாக்கினால் விலை ஏறும். புஷ்-புல்லில் இரண்டு வால்வுகள் எதிரெதிராக வேலை செய்வதால் இரண்டின் டிசி-யும் ஒன்றையொன்று அடித்துவிடும். சின்ன இரும்பிலேயே நல்ல பேஸ் கிடைக்கும், பவர் சப்ளையிலிருந்து வரும் ஹம் என்ற ரீங்காரத்திலும் பெரும்பகுதி அங்கேயே கழிந்துவிடும். ஆகவே கையில் இருக்கும் பணம் குறைவு என்றால் புஷ்-புல்தான் நியாயமான வழி. சிங்கிள் எண்டட்டின் தனி இனிமையை நான் மறுக்கவில்லை. இரண்டாம் ஹார்மானிக் (மூல ஒலியின் இரண்டு மடங்கு அதிர்வெண்ணில் சேரும் ஒலி) அதில் கழியாமல் தங்கிவிடுவதால் ஒற்றைக் குரலும் வீணையும் நெருக்கமாக, சதைப்பற்றோடு கேட்கும். நல்ல இரும்போடு செய்த சிங்கிள் எண்டட்டைக் கேட்டால் எழுந்து போக மனம் வராது. மலிவு விலையில் செய்ததில் அந்த நல்ல இரும்பு இருக்காது, அதுதான் சிக்கல்.

அதனால் விளம்பரத்தில் வாட்ஸைப் பார்ப்பதற்கு முன் எடையைப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு 35 வாட் தந்த அமெரிக்காவின் டைனகோ எஸ்டி-70, 1959-இல் வந்தது, நாலு ஈஎல்34 போட்டது, எடை 14 கிலோவுக்கு மேல். இன்று யாராவது 7 கிலோ பெட்டியைக் காட்டி 40 வாட் வால்வு ஆம்ப் என்றால் இரும்பு எங்கே என்று கேளுங்கள். நான் ஆம்பைப் பார்க்கப் போனால் முதலில் பின்பக்கத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்ப்பேன். வால்வு ஆம்பில் கனம் பின்னால்தான் இருக்கும். அப்புறம் ட்ரான்ஸ்பார்மர் மூடிகளை விரலால் தட்டுவேன். உள்ளே நிறைந்திருந்தால் 'தொம்' என்று அடங்கிவிடும். பெரிய மூடி போட்டு உள்ளே சின்னதாக வைத்திருந்தால் தகர டப்பா சத்தம் வரும்.

சரி, வால்வுகள்.

ஈஎல்84 சின்ன வால்வு, விரல் நீளம்தான். நம் வீடுகளில் இருந்த பெரிய வால்வு ரேடியோக்கள் பலவற்றில் ஸ்பீக்கரை ஓட்டிய கடைசி வால்வு இதுதான். பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் இதைச் செய்தது. புஷ்-புல்லில் ஒரு ஜோடி 10 முதல் 15 வாட் வரை தரும். 1954-இல் முல்லார்ட் என்ற இங்கிலாந்து வால்வு கம்பெனி வெளியிட்ட 5-10 என்ற வடிவம், அதாவது 5 வால்வு 10 வாட், இதை வைத்துத்தான் வீட்டு ஹை-ஃபையைப் பலருக்கும் எட்டும்படி செய்தது. இன்றும் மாற்று வால்வு விலை குறைவு, சூடும் குறைவு. நடுத்தர அறைக்கு, திரைப்பாடலுக்கு, குரலுக்கு இது எனக்கு மிகவும் பிடித்த வால்வு.

ஈஎல்34 அடுத்த படி. ஒரு ஜோடியில் 30, 35 வாட் எளிதாக வரும். குரல் பகுதி அழகாக இருக்கும். உங்கள் நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் நான் சொல்வது இதை. கேடி88 இன்னும் பலசாலி, பேஸில் பிடிப்பு அதிகம். ஆனால் அதை அதன் முழு பலத்துக்கு ஓட்ட இன்னும் பெரிய ட்ரான்ஸ்பார்மர் வேண்டும், மலிவு ஆம்பில் பல நேரம் கேடி88-ஐச் செருகிவிட்டு ஈஎல்34 அளவு வேலையே வாங்குகிறார்கள். 300பி 1930களில் அமெரிக்க சினிமா கொட்டகைகளுக்காக வெஸ்டர்ன் எலக்ட்ரிக் செய்த வால்வு. ஒன்றுக்கு 8 வாட் அளவில்தான் வரும். அந்தக் கொட்டகைகளில் இருந்தவை 100 டெசிபலைத் தாண்டும் ஹார்ன் ஸ்பீக்கர்கள், அவற்றுக்கு 8 வாட் ஏராளம். 87 டெசிபல் பெட்டிக்கு அதை மாட்டுவது வால்வுக்கும் நியாயம் இல்லை, ஸ்பீக்கருக்கும் இல்லை.

பயாஸ் பற்றி, அதாவது பாட்டு இல்லாதபோது பவர் வால்வில் எவ்வளவு கரண்ட் ஓட வேண்டும் என்று அமைப்பது பற்றி, ஒரு வார்த்தை. சில ஆம்பில் பவர் வால்வு மாற்றும்போதெல்லாம் மீட்டர் வைத்து, ஸ்க்ரூ திருப்பி பயாஸ் சரிசெய்ய வேண்டும். சிலதில் வால்வின் கேத்தோடு முனையில் உள்ள ரெசிஸ்டர் மூலம் தானாகவே சரியாகிக்கொள்ளும். முதல் ஆம்புக்கு இரண்டாவது வகை நல்லது. வாட்ஸ் கொஞ்சம் குறையும், தலைவலி நிறையக் குறையும். மேலேயே மீட்டர் வைத்த ஆம்ப் கிடைத்தால் முதல் வகையும் பயமில்லை.

பவர் வால்வு 2,000 முதல் 5,000 மணி நேரம் வரை உழைக்கும். தினம் இரண்டு மணி நேரம் கேட்டால் வருடத்துக்கு 730 மணி. நாலு வருடத்துக்கு ஒருமுறை நாலு வால்வு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு போலியைப் பற்றி எச்சரிக்க வேண்டும். சில ஆயிரம் ரூபாய்க்கு, உள்ளங்கை அளவில், இரண்டு குட்டி வால்வுகள் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் ஆம்ப்கள் இணையக் கடைகளில் நிறையக் கிடைக்கின்றன. உள்ளே ஸ்பீக்கரை ஓட்டுவது ஒரு ஐசி சிப். வால்வு முன்பகுதியில் பெயருக்கு நிற்கும். அடியில் ஒரு எல்இடி வைத்து ஒளியூட்டியிருப்பார்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு ஸ்விட்ச் போட்டுப் பாருங்கள். உண்மையான ஹீட்டர் (வால்வுக்குள் சூடேறும் கம்பி) மங்கிய சிவப்பில் தொடங்கி மெதுவாகத்தான் பிரகாசம் ஏறும், பாட்டு வரப் பத்து இருபது விநாடியாவது பிடிக்கும். எல்இடி போட்ட உடனே பளிச்சென்று எரியும். வால்வும் ட்ரான்சிஸ்டரும் கலந்த ஹைப்ரிட் என்று நேர்மையாகச் சொல்லி விற்கும் நல்ல ஆம்ப்களும் உண்டு, அவற்றைக் குறை சொல்லவில்லை. நீங்கள் கேட்ட பொருள் அது இல்லை என்பது மட்டும்தான்.

அடுத்து நான் நேரில் பட்டது. சீனாவில் செய்த ஆம்ப்களில் பல 220 வோல்ட்டுக்குச் சுற்றியவை. அப்படி ஒன்றைத் தபாலில் வரவழைத்தேன். பகலில் நன்றாகப் பாடும். ராத்திரி பத்து மணிக்கு மேல் பவர் ட்ரான்ஸ்பார்மர் முனகும், கை வைக்க முடியாத சூடு. மல்டிமீட்டரை எடுத்து ப்ளக்கில் வைத்தால் 248 வோல்ட். ஹீட்டரில் 6.3 இருக்க வேண்டிய இடத்தில் 7.1. ஹீட்டர் தாங்கும் எல்லை 10 சதவீதம், இது 12-ஐத் தாண்டிவிட்டது. வால்வுக்குப் போகும் உயர் வோல்ட்டான ஹை டென்ஷனும் அதே விகிதத்தில் ஏறியிருக்கும். இப்படியே ஓட்டியிருந்தால் வால்வும் போயிருக்கும், கெப்பாசிட்டரும் போயிருக்கும். தெரிந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவர் 230-க்கு 24 வோல்ட், 2 ஆம்பியர் ட்ரான்ஸ்பார்மர் ஒன்றை வாங்கி, அதன் செகண்டரியைக் கரண்ட் வரும் வழியில் எதிர்த்திசையில் தொடராக இணைத்து, ஃப்யூஸும் போட்டு, ஒரு இரும்புப் பெட்டிக்குள் அடைத்துக் கொடுத்தார். 248 என்பது 222 ஆனது. ஹீட்டர் 6.4-க்கு வந்தது, முனகல் நின்றுவிட்டது. எனவே வாங்கும் முன்பே 230 அல்லது 240 வோல்ட் முனை இருக்கிறதா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உங்கள் வீட்டில் ராத்திரி எவ்வளவு வோல்ட் வருகிறது என்று ஒரு வாரம் அளந்து பாருங்கள்.

சந்தையில் என்ன இருக்கிறது? சிங்கிள் எண்டட் ஈஎல்34-இல் ரெய்சாங் ஏ10 மலிவு என்று பெயர் பெற்றது. 92, 93 டெசிபல் ஸ்பீக்கர் இருந்தால் யோசிக்கலாம், உங்கள் ஸ்பீக்கருக்குப் போதாது. புஷ்-புல்லில் யாகின் ஈஎல்34 மாடல்களும், ஈஎல்34 கேடி88 இரண்டையும் ஏற்கும் வில்சென்டன் ஆர்8-உம் பலரும் வாங்குபவை. ஆர்8 உங்கள் தேவைக்கு நன்றாகப் பொருந்தும், ஆனால் கனமான பெட்டி என்பதால் கப்பல் கூலியும் சுங்கமும் வரியும் சேர்ந்து விலையை நிறைய உயர்த்திவிடும். மொத்தத்தையும் கணக்குப் போட்ட பிறகே பட்ஜெட்டுக்குள் வருகிறதா என்று முடிவு செய்யுங்கள். இந்தியாவுக்குள்ளேயே ஒருவர் பயன்படுத்தி விற்கும் ஆம்ப் கிடைத்தால் அதைத்தான் முதலில் பார்ப்பேன். நேரில் போய்க் கேட்கலாம், சுங்கம் இல்லை, வோல்ட்டேஜ் பிரச்சினையை அவரே தீர்த்தும் வைத்திருப்பார்.

பழைய மைக் செட் வால்வு ஆம்பை ஸ்டீரியோவாக மாற்றலாமா என்றும் பலர் கேட்பதுண்டு. கல்யாண வீட்டு மைக் செட்டின் சத்தம் நம் காதில் ஊறியது, ஆசை எனக்குப் புரிகிறது. அவற்றின் அவுட்புட் ட்ரான்ஸ்பார்மர் பெரும்பாலும் குழாய் ஸ்பீக்கருக்கும் நீண்ட ஒயருக்கும் சுற்றியது, பேஸும் மேல் ஸ்தாயியும் அதில் முழுதாக வராது. உள்ளே இருக்கும் பழைய கெப்பாசிட்டர்கள் கசிந்து பவர் வால்வின் பயாஸைக் கெடுத்திருக்கும். நினைவுக்காக வைத்துப் பழுதுபார்க்கலாம், ஹை-ஃபையாக எதிர்பார்க்க வேண்டாம். உள்ளூரில் ஒருவரிடம் புதிதாகச் செய்து வாங்குவது நல்ல யோசனை, சென்னை ரிச்சி தெருவில் உதிரி பாகங்கள் கிடைக்கும். ட்ரான்ஸ்பார்மரை யார் சுற்றுகிறார் என்பது மட்டும்தான் கேள்வி. "எத்தனை அடுக்காகப் பிரித்துச் சுற்றுவீர்கள் அண்ணே?" என்று கேளுங்கள். உடனே பதில் வந்தால் அவர் ஆடியோ ட்ரான்ஸ்பார்மர் தெரிந்தவர். இன்வெர்ட்டருக்கும் ஸ்டெபிலைசருக்கும் மட்டும் சுற்றுகிறவர் கேள்வியே புரியாமல் பார்ப்பார்.

வீட்டில் செய்ய வேண்டியவை சில. மூன்று பின் ப்ளக்கில் எர்த் உண்மையாகவே இருக்கிறதா என்று பாருங்கள். ஹம் வருகிறது என்று எர்த் பின்னைக் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், அதை ஒருநாளும் செய்யாதீர்கள். உள்ளே 300, 400 வோல்ட் இருக்கிறது. ஸ்விட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் அது தங்கியிருக்கும். அடித்தட்டைத் திறப்பது பழகியவர் வேலை. குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் வால்வு மேல் இருக்கும் கூண்டைக் கழற்ற வேண்டாம், அந்தக் கண்ணாடி சதையைப் பொசுக்கும் அளவு சுடும். நாலு ஈஎல்34 இருந்தால் ஹீட்டருக்கு மட்டுமே சுமார் 38 வாட், எல்லாம் சேர்த்து 150 வாட் அளவில் இழுக்கும். தினம் மூன்று மணி நேரத்துக்கு அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு, மாதம் 13, 14 யூனிட். கரண்ட் பில்லைவிட சித்திரை மாத அறைச் சூடு பெரிய விஷயம். மூடிய டிவி ஸ்டாண்டுக்குள் வைக்காமல் மேலே ஒரு அடி காலியாக விடுங்கள்.

புது ஆம்ப் வந்தவுடன் பழைய இங்கிலாந்து வால்வு, ஜெர்மன் வால்வு என்று தேடி ஓட வேண்டாம். இன்று முல்லார்ட் என்று பெட்டியில் அச்சிட்டு வரும் புது வால்வு பிளாக்பர்ன் தொழிற்சாலையில் செய்தது இல்லை, பெயரை வாங்கியவர்கள் ரஷ்யாவின் சரடோவில் செய்வது. நல்ல வால்வுதான், பழைய முல்லார்ட் விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருள் இல்லை. ஸ்லோவாக்கியாவின் ஜேஜே வால்வுகள் தினசரிப் பயன்பாட்டுக்குப் போதும். ஆறு மாதம் வந்த வால்வோடே கேளுங்கள்.

முதல் நாள் ஸ்பீக்கர் ஒயரை மாட்டிவிட்டு அப்புறம்தான் ஸ்விட்ச் போட வேண்டும். ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்பைப் பாடவிட்டால் அவுட்புட் ட்ரான்ஸ்பார்மரில் வோல்ட் எகிறி உள்ளேயே தீப்பொறி பறந்துவிடும், அந்த ஒன்று போனால் ஆம்பில் பாதி போன மாதிரி. வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து ஒரு நிமிடம் பொறுங்கள். ட்வீட்டரிடம் காதைக் கொண்டுபோனால் மெல்லிய ஹம் கேட்கலாம், உங்கள் நாற்காலிக்கு வந்தால் கேட்கக் கூடாது. ஃபேனை நிறுத்திவிட்டு ஒருமுறை சரிபாருங்கள். பிறகு முதலில் 8 ஓம் முனையில் ஒரு பாட்டு, அணைத்துவிட்டு 4 ஓம் முனைக்கு மாற்றி அதே பாட்டு. எதில் குரல் முன்னால் வந்து பேஸ் கட்டுக்குள் நிற்கிறதோ அதிலேயே விட்டுவிடுங்கள், ஸ்பீக்கரில் அச்சிட்ட எண் என்னவாக இருந்தாலும் சரி.